குதிகால் படாத சுற்று

பெர்நடீனுக்கு ராஸ்கோவைக் கண்டாலே ஆகாது. எழுபது வயதிலும் மடிப்புக் கலையாத கோட்டும் அதே நிறத்தில் சப்பாத்துமாக அவன் கேமரா முன்னால் வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் இன்றைக்கு என்ன புளுகப் போகிறானோ என்று நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் பாதித் தெருக்களை இடித்துத் தள்ளியாகிவிட்டது. மிச்சமிருக்கிற சனங்களின் ஆட்டத்தையாவது படமாக எடுத்து வைப்போம் என்று கிளம்பியவள் ஸகியா. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். எந்த ஆட்ட அடியை யார் கொண்டுவந்தார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டு, சர்ச்சின் கீழ்க்கூடத்தில் ஆடவைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

இடது பக்கமாக ஒரு சுற்று, அதில் வலது குதிகால் தரையில் படாமல் ஒரு சின்ன இழுப்பு. அந்த வட்டாரத்தில் அதை ஆடாத கல்யாணம் கிடையாது. எல்லோரும் அதை ‘ராஸ்கோ சுற்று’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது செத்துப்போன தன் அக்கா வெர்லீனுடையது என்று பெர்நடீனுக்குத் தெரியும். மாடிப்படியில் விழுந்து கால் முறிந்து, கட்டுப் பிரித்த வாரமே அவள் சமையலறையில் அதை ஆடிப் பார்த்ததைக் கண்ணால் கண்டவள் இவள். இத்தனை வருஷம் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்திலும் அவன் பேர் ஏறிவிட்டால் அவ்வளவுதான், வெர்லீன் என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

ஸகியா மீதும் அவளுக்குச் சந்தேகம்தான். இரண்டு நாளாக ராஸ்கோ வீட்டிலேயே பழியாகக் கிடந்து பேசியிருக்கிறாள். அங்கே என்ன பேசி முடித்தார்களோ, யார் கண்டது.

ராஸ்கோ சுற்றினான். கூடம் கைதட்டியது. பெர்நடீன் தட்டவில்லை.

“ஸகியா, அந்தக் குதிகால் ஏன் தரையில படலேன்னு அவரைக் கேளு” என்றாள்.

ஸ்டைல் என்று சொல்வான், அந்த இடத்தில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தாள். ராஸ்கோ கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“உங்க அக்காவுக்குப் படாது. அதான்.”

ஆள் இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. இதில் என்ன சூதோ என்று தோன்றியது.

“ஏன் படாதுன்னும் சொல்லேன்.”

“நான்தான் கீழ போட்டேன்” என்றான் ராஸ்கோ. “ஆட்டப் போட்டிக்கு ரெண்டு பேரும் ஒத்திகை பாத்தோம். அவங்களைத் தலைக்கு மேல தூக்கினேன். குடிச்சிருந்தேன், பெர்நடீன். வீட்ல தெரிஞ்சா ஆடவே விடமாட்டாங்க, படியில விழுந்ததா சொல்லிக்கறேன்னு உங்க அக்காதான் சொன்னாங்க. அந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் இந்தச் சுத்தையே கட்டினாங்க. அவங்களோடதுன்னு நான் சொன்னா, காலு எப்படிப் போச்சுன்னு அடுத்த கேள்வி வருமில்ல. அதுக்குப் பயந்துதான் என்னோடதுன்னேன்.”

பெர்நடீன் அவனைத் திருடன் என்றுதான் இத்தனை வருஷம் திட்டியிருக்கிறாள், அதுவே குறைச்சல் என்று இப்போதுதான் தெரிகிறது. கூடப் பிறந்தவளிடம்கூட வெர்லீன் படிக்கட்டுக் கதையைத்தானே சொன்னாள் என்பது அதைவிட வலித்தது.

ராஸ்கோ ஸகியா பக்கம் திரும்பி, நான் பேசினதை மட்டும் வெட்டிவிடு தாயி என்று மெதுவாகக் கேட்டான். ஸகியா பெர்நடீனைப் பார்த்தாள்.

பெர்நடீன் எழுந்து நின்றாள்.

“எதையும் வெட்டாதே. இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லச் சொல்லு. உங்க அக்கா, அவங்க இவங்கன்னு எல்லாம் வேண்டாம். வெர்லீன் ப்ரூயிட்னு முழுப் பேரையும் சொல்லி ஆரம்பிக்கட்டும்.”

ராஸ்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வருகிறவரை பெர்நடீன் உட்காரவில்லை.