கரை சேர்ந்தாச்சு

ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சொல்லிவிட்டால் அவன் செத்துப்போய்விடுவான் என்பது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

இஷ்பெல் ஓட்ஸ் ரொட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கப்பல் நாளன்று தேநீருக்கு அவள் வீட்டு ரொட்டிதான். ஸ்காட்லாந்திலிருந்து முன்னோர்கள் பழைய கப்பலொன்றில் இந்த நோவா ஸ்கோஷியா கரைக்கு வந்து இறங்கிய நாள் அது. வழியில் அம்மையில் இறந்த பிள்ளைகளைக் கடலில் விட்டுவிட்டு வந்தார்கள். வருஷாவருஷம் படகுத்துறையில் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் படிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, "கரை சேர்ந்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். ஆண்கள் சொல்வதில்லை.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து ஊனா என்ற குழந்தைக்கு இஷ்பெல்தான் பதில் சொல்லி வருகிறாள். அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தபடியே சொன்ன வருஷங்களும் உண்டு.

இந்த வருஷம் கடைசியாக அவள் மகன் ரோரியின் பெயரையும் படிக்கப்போகிறார்கள். மே மாதம் சிங்கி இறால் பிடிக்கப் போனான். இன்ஜின் ஓடியபடியே ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த படகு கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை.

பெயர்களைப் படிக்கும் நாத்தனார் ஃப்ளோரா காலையிலேயே வந்து ஒரு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "போன வருஷம் நீங்க போட்ட சத்தத்துல கடல்புறா எல்லாம் பறந்து போச்சு அண்ணி. இந்தத் தடவை மெதுவாச் சொன்னாலும் போதும்." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இஷ்பெல் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அவள் போன பிறகு கணவன் லாக்கி வந்து நின்றான். மகனின் இறால் கூண்டுகளைப் போன வாரம்தான் யாருக்கோ கொடுத்திருந்தான். இஷ்பெல் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை.

"என்னால சொல்ல முடிஞ்சா நானே சொல்லிடுவேன் இஷ்பெல்," என்றான். "தினம் படகை எடுத்துட்டுப் போய் பாறை பாறையாப் பாத்துட்டு வரேன். கிடைச்சுடுவானோன்னும் பயமா இருக்கு. என்னால முடியல. எனக்காகச் சொல்லேன்."

அவன் இளைத்திருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அவள் அவனுடைய டையைச் சரிசெய்துவிட்டாள். அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். திருத்த அவளுக்கு மனம் வரவில்லை.

துறையில் காற்று அதிகம். ஃப்ளோரா படிக்கப் படிக்கப் பெண்கள் ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஊனாவின் பெயர் வந்ததும் இஷ்பெலின் வாய் பழக்கத்தில் திறந்து சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அந்தத் தாயை நினைத்தாள். கப்பலின் கீழ்த்தளத்தில், காலியான மடியோடு உட்கார்ந்திருந்தவளை. அவளிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அவள் இதைச் சொல்லியிருப்பாளா? இத்தனை வருஷமாக, அவள் சொல்லாததை நான் சொல்லிக்கொண்டிருந்தேனா?

"ரோரி," என்றாள் ஃப்ளோரா.

எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இஷ்பெலைப் பார்க்காமலிருப்பதற்காக. லாக்கியின் விரல்கள் அவள் முழங்கையைப் பற்றின. அவன் கை எவ்வளவு சில்லிட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்காக வேறு எதையும் செய்வாள்.

ஃப்ளோரா இன்னொரு முறை கூப்பிட்டாள்.

இஷ்பெல் லாக்கியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அவன் இன்னும் வரலையே லாக்கி."