தனியாக ஒரு பெரிய படம்

மலேசியாவின் யோங் பெங் ஊரில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் ஷர்மினி ஸ்டுடியோ திறந்து மாதக்கணக்காகியும், படியேறி வந்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட் படம்தான் கேட்டார்கள். பலகையில் 'பூட்வார்' என்று எழுதியது அவள் செய்த முதல் கூத்து. அதைப் பூட்டு சமாச்சாரம் என்று நினைத்து ஒருவர் சாவி செய்யக்கூட வந்துவிட்டார். பூட்வார் என்பது ஒரு பெண் தன்னைத் தானே ஆசையாகப் பார்த்துக்கொள்வதற்காக எடுக்கும் அந்தரங்கப் படம். அதைத் தமிழில் எப்படிச் சொன்னாலும் நீலப்படம் மாதிரியே ஒலித்தது. கல்யாணப் படம் எடுக்கும் நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவளிடம் பெற்ற தாயே, "என்ன தொழில்னு கேட்டா நான் என்னத்த சொல்ல?" என்று நொந்துகொண்டாள்.

அப்போதுதான் வாசுகி வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். பக்கத்து ஊரான சாஆவில் வீடு, தொழிற்சாலையில் வேலை. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று பஸ் ஏறி இங்கே வந்திருந்தாள்.

"ஆம்பளைங்க யாரும் பாக்க மாட்டாங்கள்ல?"

"சத்தியமா இல்லக்கா. பொம்பளைங்க மட்டும்தான்."

"எங்க வீட்டுக்காரரு என் மூஞ்சியப் பாத்தே வருசக்கணக்காச்சு லா. கல்யாண ஆல்பத்துல அவரு இருக்காரு, காதுகுத்து படத்துல பிள்ளைங்க இருக்கு. நான் மட்டும் இருக்கற படம் ஒன்னுகூட இல்ல. பெருசா ஒன்னு வேணும்."

அன்று ஷர்மினி எடுத்தது உண்மையிலேயே நல்ல படம். ஜன்னலோரக் கட்டில், ரவிக்கை இல்லாமல் சுற்றிய சிவப்புச் சேலை, அவிழ்த்துவிட்ட கூந்தல், நேராகப் பார்த்துச் சிரிக்கும் வாசுகி. கேமரா திரையில் தன்னைப் பார்த்தபோது வாசுகியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"படம் கையில வரட்டும். எங்க ஃபேக்டரியில இன்னும் நாலு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

ஷர்மினிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த ஒரு படம் சரியாக அமைந்தால் தொழில் பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

பெரிய படம் அச்சடிக்க அவளிடம் வசதி இல்லை. ஜொகூர் பாருவில் கல்யாண ஆல்பம் போட்டுத் தரும் பிரேமலா அக்காவுக்கு அனுப்பினாள். என்ன படம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. வெட்கப்படாதீர்கள் என்று ஊருக்கே சொல்லாத குறையாகப் பலகை மாட்டியவள் ஃபோனில் பம்மிப் பம்மிப் பேசினாள்.

"அக்கா, ஒரு அம்மா. அவங்க மட்டும். பெருசாப் போட்டு ஃபிரேம் பண்ணிடுங்க. கொஞ்சம் அவசரம். வேற யாருக்கும் காட்டாதீங்க, பாவம்."

"ஐயோ" என்றாள் பிரேமலா. "சரி லா, நான் பாத்துக்கறேன்."

அந்த 'ஐயோ' எதற்கென்று ஷர்மினி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பார்சல் வந்த சனிக்கிழமை வாசுகியும் வந்துவிட்டாள். தலை நிறையப் பூ. காகிதத்தைத் தானே பிரித்தாள்.

சட்டத்துக்குள் அவள் முகம் இருந்தது. கட்டிலைக் காணோம், ஜன்னலைக் காணோம். பின்னால் நீல வானம். தோளை மூடி ஒரு ரவிக்கை வரைந்திருந்தது. பொட்டு பெரிதாகியிருந்தது. சுற்றிலும் ரோஜா மாலை, இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ஷர்மினி பதறிப்போய் ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் பிரேமலாவின் குரல் இரக்கத்தோடு வந்தது.

"கெடச்சிச்சா? பாவம், நல்ல களையான மூஞ்சி. ஜாக்கெட் இல்லாத படம்தான் இருந்துச்சோ? நானே போட்டு விட்டுட்டேன். தேதி நீ சொல்லல, தங்கக் கலர் பேனாவுல எழுதிக்க. எப்ப காரியம்?"

"அக்கா, அவங்க உயிரோட இருக்காங்க."

"அலமாக்! பின்ன எதுக்கு ஒரு பொம்பளைய மட்டும் தனியா, இம்மாம் பெருசா?"

ஷர்மினி ஃபோனை வைத்தாள். "வேற போட்டுத் தரேன்க்கா, நாளைக்கே" என்று வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட ஷர்மினி தாங்கியிருப்பாள். வாசுகி திட்டவில்லை.

"வேணாம்மா. அந்தப் படத்த நான் எங்க மாட்டுவேன்? அலமாரிக்குள்ள ஒளிச்சுத்தான் வைக்கணும். இதுன்னா ஒருத்தரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஹால்லயே மாட்டுவாங்க."

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க."

"அத அழிச்சிரு. என் கண்ணு முன்னால."

ஷர்மினி அழித்தாள். வாசுகி சட்டத்தை அதே காகிதத்தில் சுற்றி கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"அந்தத் தங்கக் கலர் பேனா எங்கம்மா கிடைக்கும்?"

பக்கத்துப் புத்தகக் கடையில் கிடைக்கும் என்று சொல்லும்போதே ஷர்மினிக்குத் தெரிந்துவிட்டது, பலகையை இன்றைக்கே கழற்றிவிட வேண்டும் என்று.