இடுப்பில் நாலு கிலோ

லிப்ட் மெக்கானிக்குக்கு வயது ஐம்பத்தாறு. எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் குடியேறி இருபது வருஷம் ஆகிறது. மாத்திரை அதைப் பரிசோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடக்கி வைத்திருந்தது. ஆனாலும் அதோடு வாழ்கிற உடம்பு சிலருக்குக் கொஞ்சம் முந்தியே தளர்ந்துவிடும் என்பதால், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கிளினிக்கில் ஒரு சோதனை வைத்தார்கள். எடை, கைப்பிடி வலு, நடை, கடைசியாக நாற்காலி.

"தளர்ச்சின்னு வந்துச்சோ, லிப்ட் கூண்டு மேல ஏற விடமாட்டேன்" என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

கூண்டின் தலையில் நின்று கம்பிவடத்தைத் தடவிப் பார்க்காத நாள் அவருக்கு நாளே இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்திருந்தது; அதுவும் தளர்ச்சிக் கணக்கில் சேரும். மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? பழைய இரும்பு பேரிங்குகளைத் துணியில் சுற்றி, சட்டைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டு போனார்.

எடை மெஷின் போன தடவை காட்டிய அதே எண்ணைக் காட்டியது. கைப்பிடியும் தேறியது. நடக்கும்போது நர்ஸ் காதைத் தீட்டினாள்.

"ஏதோ சலங்கை மாதிரி கேக்குதே?"

"சாவிக்கொத்து, சிஸ்டர்."

அடுத்தது நாற்காலி. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, பதினைந்து விநாடிக்குள் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். மெஷின் மேல் சமர்த்தாக நின்ற பேரிங்குகள், இங்கே ஒவ்வொரு தடவையும் தூக்கினால்தான் வருவோம் என்று அடம்பிடித்தன. மூன்றாவதில் மூச்சு வாங்கியது.

"பதினெட்டு விநாடி. இது தளர்ச்சிதான்" என்றாள் நர்ஸ்.

கூடவே வந்து மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் எடை போச்சு; சொல்லாவிட்டால் நாற்காலி போச்சு. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பேரிங்குகளை மேஜையில் வைத்தார்.

மனைவி பேரிங்குகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஊருல இருக்கற லிப்டுக்கெல்லாம் இவ்வளவுதான் ஏத்தலாம்னு போர்டு மாட்டறீங்க. உங்க கழுத்துல ஒண்ணு மாட்ட மறந்துட்டீங்களே."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பத்து நிமிஷம் ஆசுவாசப்படுத்தி மறுபடி உட்காரவைத்தாள். பதின்மூன்று விநாடி. மெஷினில் நாலு கிலோ குறைவு.

"காலு நல்லாத்தான் இருக்கு. ஆனா எடை சும்மா இறங்காது. மறைச்சா காரணமும் சேர்ந்து மறைஞ்சிடும். டாக்டரைப் பாக்காம வீட்டுக்குப் போகக் கூடாது" என்றாள் நர்ஸ்.

"அப்போ கூண்டு மேல?" அவர் மனைவியைத்தான் கேட்டார்.

"டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் கீழ நின்னு பட்டன் அமுக்குங்க."

டாக்டர் அறை வாசலில் அவர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதும் கையை ஊன்றி எழப் போனார்.

"கையைக் கட்டுங்க, சிஸ்டர் பாக்கறாங்க" என்றாள் மனைவி.