மீனுக்குக் காது வந்த நாள்

ஜெர்பா தீவு விழாவில் பாட வேண்டுமென்றால் மப்ரூக்கா அக்காவின் கல்யாணப் பாட்டுக் குழு மறுநாள் மாலைக்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பியாக வேண்டும். குரல் தனியாக, தாளம் தனியாகப் பதிந்து அனுப்பும்படி விழாக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அக்காவின் மடிக்கணினியோ முந்தின நாள் ஒரு கிளாஸ் தேநீரைக் குடித்துவிட்டு உயிரை விட்டிருந்தது. ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் கட்டடத்தில் மிச்சமிருந்தது என் கணினிதான்.

லினக்ஸுக்குப் பென்குயின் சின்னம் என்றால் என் இயங்குதளத்துக்கு ஊதிப்போன பேத்தை மீன் சின்னம். ஒலிப்பதிவு மென்பொருள் பென்குயினுக்காக எழுதியது.

"அந்தப் பென்குயினையே உன் கணினியில போட்டுத் தொலையேன்டி" என்றார் அக்கா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மென்பொருளின் நிரல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது? மீனுக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். ஒலிக்காகப் பென்குயினிடம் கையேந்திய இடத்திலெல்லாம் மீனிடம் ஏந்தும்படி திருத்தினேன். மறுநாள் மதியம் மென்பொருள் திரையில் விரிந்தபோது சமையலறைக்கு ஓடிப்போய் ஓர் ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

குழு வந்தது. குரலுக்கு ஒரு மைக், தாளத்துக்கு ஒரு மைக். பாடினார்கள். திரையில் ஒலி அளவு காட்டும் பட்டை அசையவே இல்லை. நான் நிரலைத் திருத்தினேன், அவர்கள் மறுபடி பாடினார்கள். மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

"மீன் செத்துப்போச்சு போல. பொரிச்சிடலாமா?" என்றாள் தர்புக்கா மேளம் வாசிக்கும் ஸல்ஹா.

மப்ரூக்கா அக்கா என்னைப் பார்த்துத் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "தோர்சாஃப், இன்னும் ஒரே தடவைதான். அதுக்கு மேல எனக்கு வெறும் காத்துதான் வரும்."

நான் நிரலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, அவர்கள் போன வாரக் கல்யாணத்து மாப்பிள்ளையின் அம்மாவைக் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். திடீரென்று ஸல்ஹா வாயைப் பொத்தினாள். "அய்யய்யோ, இதையெல்லாம் இவ கணினி பதிஞ்சுக்கிட்டு இருக்கா?"

"சும்மா பயப்படாத! நான் அனுமதி கொடுக்காம என் மீன் யார் பேச்சையும் ஒட்டுக்கேக்காது. எந்த மென்பொருள் வந்து கேட்டாலும் வெறும் மௌனத்தைத்தான் எடுத்து நீட்டும். அவ்வளவு..."

சட்டென்று விசைப்பலகை பக்கம் திரும்பினேன். இந்தப் பெருமையைக் கட்டடம் முழுக்க இரண்டு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அனுமதி கொடுத்தேனா? இல்லை! என் நிரலில் ஒரு குற்றமும் இல்லை. மூன்று தடவையும் அந்த விசுவாசமான மீன் எனக்கே மௌனத்தை நீட்டியிருக்கிறது.

ஒரே வரிக் கட்டளை. அடித்தேன். பதிவை ஓடவிட்டேன். யாரோ இருமினார்கள். பச்சைப் பட்டை துள்ளியது.

"கேக்குது! கேக்குது!" என்று நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். பட்டை சிவப்பைத் தொட்டது. என் கத்தல் அடங்குவதற்குள் ஸல்ஹா தர்புக்காவில் அடியை இறக்கினாள், மற்றவர்கள் குலவையிட்டார்கள், மிச்சமிருந்த குரலை மொத்தமாகத் திரட்டிக்கொண்டு அக்கா பாட்டை எடுத்தார். அப்படி ஒரு பாட்டை அவர் எந்தக் கல்யாணத்திலும் பாடியதில்லை.

கத்தலை வெட்டினால் பாட்டின் முதல் அடியும் போய்விடும். இன்னொரு தடவை பாட அக்காவுக்குக் குரலும் இல்லை. அப்படியே அனுப்பிவிட்டோம்.

அடுத்த வாரம் பதில் வந்தது. அக்கா என் வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். "உங்கள் குழு தேர்வாகிவிட்டது. ஆரம்பத்தில் கத்தும் பெண்மணியை அவசியம் அழைத்து வரவும்."

"எனக்குப் பாடத் தெரியாதேக்கா!"

"உன்னைப் பாடச் சொன்னது யாருடி? வந்து கத்து, போதும்."

ஜெர்பாவில் நான் மாற்றி எழுதிய நிரலைப் பற்றி ஒருவர்கூட விசாரிக்கவில்லை. நானும் கவலைப்படவில்லை. மேடைக்குப் பின்னால், தொண்டை கெட்டுவிடக் கூடாதே என்று வெந்நீரில் தேன் கலந்து குடித்துக்கொண்டிருந்தேன்.