பின்னடுப்புக் குண்டான்

சந்தானத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மராத்திச் சீமையில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் ஒரு ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார், அது உண்மையும்கூட. அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இப்போது கட்டின மனைவிக்குத் தெரியாமல் பச்சை மிளகாய் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

போன மழைக்காலத்தில் அவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை. கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நுரையீரலில் கோத்திருந்த நீரை இறக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இந்தியில் தெளிவாகச் சொன்னார். இதயம் பலவீனமாக இருக்கிறது. உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். இன்னொரு தடவை இப்படி நீர் கோத்தால் காப்பாற்றுவது என் கையில் இல்லை. சந்தானம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மல்லிகா நின்ற இடத்திலேயே அழுதாள்.

சாங்வியில் இருந்த வீட்டுக்குத் திரும்பிய அன்றே அவள் அலமாரியைக் காலி செய்தாள். நாரத்தங்காய், அப்பளம், மோர்மிளகாய், வேலூரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாடு எல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போயின. கருவாட்டுப் பொட்டலம் வாசலைத் தாண்டியபோது சந்தானத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தகப்பன்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். டாக்டர் காட்டிய அளவு உப்பைக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். அன்றைக்கு முழுவதும் அவருக்கு அவ்வளவுதான்.

"இன்னா இது, சாம்பாரா? பருப்பு கழுவுன தண்ணியா?" என்பார் சந்தானம்.

"சாம்பார்தான். துன்னுங்க" என்பாள் மல்லிகா.

மகன் நிர்மல் ஹிஞ்சேவாடியில் உள்ள ஆபீசுக்குக் கம்பெனி காரில் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். சாப்பாடெல்லாம் கேன்டீனில். ஆகவே இந்தச் சண்டைக்கு வீட்டில் பஞ்சாயத்து செய்யவும் ஆளில்லை.

நாக்கு கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் வாய் நமநமவென்றது. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு சாயங்கால நடை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிக் கட்கி பஜாருக்குப் போகத் தொடங்கினார். அங்கே பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்துத் தரும் சுனில் என்பவரின் வடாபாவ் வண்டி இருந்தது. வடாபாவ் வாங்கினால் எண்ணெயில் பொரித்து உப்பு தூவிய பச்சை மிளகாய் இரண்டு வைப்பார்கள் அல்லவா, சந்தானத்துக்கு வேண்டியது அதுதான். வடா ஒரு சாக்கு.

"மிர்ச்சி தோடா ஜியாதா, சுனில் பாவு" என்று மிளகாயைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்குவார். மிளகாய் தீர்ந்ததும் காகிதத்தில் ஒட்டியிருக்கும் உப்பை விரலால் தொட்டு நக்குவார். பென்ஷன் வாங்கும் வயதில் நடுரோட்டில் நின்று காகிதம் நக்குகிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருக்கும். மறுநாள் மறுபடியும் போவார்.

தினமும் காலையில் அவர் கட்டிலைவிட்டு இறங்குமுன் மல்லிகா தரையில் உட்கார்ந்து, அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தால் உடம்பில் நீர் நிற்கிறது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். குழி இருந்தது. எழுந்து சாமி அலமாரிப் பக்கம் போய்விடுவாள். 'காலங்காத்தால போலீஸ் செக்கிங்' என்று சந்தானம் மனதுக்குள் முணுமுணுத்துக்கொள்வார்.

அவருக்கு இன்னொரு ஆத்திரமும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மல்லிகா அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "நீங்க சாப்டுங்க, எனக்கு அப்பால" என்பாள். பின்னடுப்பில் ஒரு சின்னக் குண்டான் எப்போதும் மூடியிருக்கும். அவருக்குத் தனியாகச் சமைத்துவிட்டு, தனக்கு மட்டும் வக்கணையாக உப்பு போட்டு ஆக்கிக்கொள்கிறாள் என்று சந்தானம் முடிவு கட்டிவிட்டார். வியாதி தனக்கு, அவளுக்கென்ன வந்தது, சாப்பிடட்டுமே என்று பெருந்தன்மையாக நினைக்கவும் பார்த்தார். அந்தப் பெருந்தன்மை தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.

பொங்கல் கழிந்து, சங்கராந்தி ஹல்தி குங்குமம் நடக்கிற நாட்கள். மேல்வீட்டு மராத்தி அம்மாள் மல்லிகாவையும் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்திருந்தாள். அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. அவருக்குப் பரிமாறிவிட்டுப் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்துதான் சாப்பிடுவாள்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சந்தானம் சமையலறைக்குள் நுழைந்தார். சொந்த வீட்டில் பூனை நடை. பின்னடுப்புக் குண்டானைத் திறந்தார். குழம்பு நல்ல சிவப்பாக, மேலே நல்லெண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. பார்த்ததுமே நாக்கு ஊறியது. ஒரு முழுக் கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

ஒன்றுமில்லை. காரம் இருந்தது, புளி இருந்தது, உப்பு இல்லை.

நாக்கு செத்துவிட்டதோ என்று பயந்து, கரண்டியால் குழம்பை எடுத்துக் குடித்தார். இல்லை. பக்கத்திலிருந்த முட்டைக்கோஸ் பொரியலை எடுத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. தன் பாத்திரத்துக் குழம்பைத் தொட்டு நக்கினார். அதில் கொஞ்சம் உப்பு இருந்தது. இத்தனை மாதமாக அவர் வாய்க்கு வந்தபடி திட்டிய அதே குழம்பு, இப்போது விருந்துச் சாப்பாடாகத் தெரிந்தது.

கரண்டியும் கையுமாக அவர் நிற்கையில் மல்லிகா உள்ளே வந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம், கையில் எள்ளுருண்டைப் பொட்டலம்.

"இன்னாங்க பண்றீங்க?"

"இதுல உப்பே இல்ல, மல்லிகா."

அவள் குண்டானை மூடினாள்.

"உனக்கின்னா வந்துச்சு? உனக்கும் எதனா வியாதியா? எங்கிட்ட மறைக்கிறியா?" என்று பதறினார் சந்தானம்.

"வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல. நேர்ந்துகினேன். படவேட்டம்மனுக்கு. உங்க கால் வீக்கம் வடியிற வரிக்கும் நான் உப்பு தொடமாட்டேன்னு. ஆஸ்பத்திரியில, நீங்க மெஷின் மாட்டிகினு கெடந்தப்ப." வேண்டுதலை வெளியே சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று அவளுக்குக் கோபம். "கேட்டீங்கல்ல, இப்ப போய்ப் படுங்க."

சந்தானம் நகரவில்லை. மழைக்காலத்திலிருந்தா? கணபதி, தசரா, தீபாவளி எல்லாம் போய்விட்டதே. தீபாவளிக்கு நிர்மலின் ஆபீசுக்கு டப்பா டப்பாவாக முறுக்குச் சுட்டாளே.

"அந்த அம்மன் மனசு எறங்கவே மாட்டேன்றா" என்றாள் மல்லிகா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "டெய்லி அமுக்கிப் பாக்குறேன். குழி அப்டியே நிக்குது. என் நேர்ச்சையில ஏதோ கொறை இருக்குன்னு, தீபாவளிக்கப்புறம் ராத்திரி சோத்தையும் வுட்டுட்டேன். அப்பயும் வடியல."

அவள் ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடப்பதைச் சந்தானம் அன்றுதான் பார்த்தார். ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போகும்போதெல்லாம், ஒளித்துவைத்துச் சாப்பிடத்தான் போகிறாள் என்று நினைத்த மனிதர். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"உன் நேர்ச்சையில ஒரு கொறையும் இல்ல" என்றார். "நான்தான் டெய்லி கட்கி போறேன். சுனில் வண்டியில உப்பு மிர்ச்சி துன்றேன். வாக்கிங்லாம் பொய்."

மல்லிகா திரும்பிப் பார்த்தாள். அவர் அடிக்குத் தயாராக நிற்கும் பையனைப்போல் நின்றார். அவள் கத்தவில்லை. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அந்தத் தாயைத் திட்டினேங்க" என்றாள். "எம் புருசனுக்கு எறங்காத நீயெல்லாம் ஒரு அம்மனான்னு, வெளக்கு ஏத்தாம ரெண்டு நாளு கோவிச்சிகினேன்." அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. "உங்களுக்கு மிர்ச்சி வேணும்னா எங்கிட்ட சொல்லக்கூடாதா? டாக்டர் சொன்ன உப்புல ஒரு கிள்ளு எடுத்து, ஒரே ஒரு மொளகாயைப் பொரிச்சி அதுல தூவித் தந்திருப்பேனே. நீங்க இல்லாம நான் இன்னா பண்ணுவேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சீங்களா?"

நினைத்ததில்லை. சாவைப் பற்றி அவர் நினைத்திருக்கிறார். தான் போன பிறகு இந்தச் சமையலறையில் அவள் ஒருத்தியாக நிற்பதை நினைத்ததில்லை. அவரும் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நேர்ச்சையை வுட்டுடு. பாவம் என்னைச் சேரட்டும்."

"வாய மூடுங்க. பாதியில வுட்டா உங்களுக்குத்தான் ஆவாது."

"அப்ப நானும் உப்பைச் சுத்தமா வுட்டுடறேன்."

"ஒரு மயிரும் வேணாம். டாக்டர் இன்னா சொன்னாரோ அத மட்டும் செய்ங்க. அதுவே உங்களுக்குப் பெரிய காரியம்."

ராத்திரிச் சோற்று விஷயத்தில் மட்டும் சந்தானம் விடவில்லை. அது அம்மனிடம் முதலில் பேசிய பேச்சில் இல்லை, நீயாகச் சேர்த்துக்கொண்டது என்று வாதாடினார். அவள் தட்டில் சோறு விழும்வரை தானும் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். மல்லிகா திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் சந்தானத்தைத் தெரியாது என்று அர்த்தம். நாலாம் நாளே கால் பஸ் ஸ்டாப்புக்கு இழுத்தது. கட்கி பஸ் வந்து நின்றது. வாயெல்லாம் எச்சில். இவர் ஒரு மிளகாய் தின்றால், அங்கே ஒருத்திக்கு உப்பு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும். நாசமாய்ப் போன மல்லிகா, நாசமாய்ப் போன நேர்ச்சை என்று உரக்கத் திட்டினார். கண்டக்டர் ஏறுகிறீர்களா என்று மராத்தியில் கேட்டான். இல்லை என்று கையைக் காட்டிவிட்டு வீடுவரை திட்டிக்கொண்டே நடந்து வந்தார். வந்து, ஒரு மிளகாய் பொரித்துக் கேட்டார். கிண்ணத்திலிருந்து ஒரு கிள்ளு உப்பு அதில் விழுந்தது. அன்று ராத்திரி ரசத்தில் அந்த அளவு குறைந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் வீக்கம் வடிந்தது. டாக்டரும் பார்த்துச் சொன்னார். மல்லிகா அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி, கோபித்துக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். அன்று ஒரே குண்டானில், டாக்டர் சொன்ன அளவு உப்பு போட்டு இருவருக்கும் குழம்பு வைத்தாள். எதிரெதிரே தட்டு வைத்து உட்கார்ந்தார்கள். சந்தானம் தொடவில்லை. "நீ மொதல்ல" என்றார்.

மல்லிகா ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணில் நீர் வந்தது. தண்ணீருக்குக் கை நீட்டினாள்.

"கரிக்குதுங்க" என்றாள். "இத எப்டிங்க துன்றீங்க?"

சந்தானம் சாப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு இன்னும் பத்தலைதான்" என்றார். சொல்லிவிட்டு, அவளுக்கு வெறும் சோறு கொஞ்சம் எடுத்துப் போட்டார். தனக்கும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.