வெள்ளிக்கிழமை வண்டி

லோர்னா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வெளியே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அலுமினியத் தகட்டுக்கு அடியில் உளியைக் கொடுத்து நெம்பினால் வருகிற சத்தம். மூன்று வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. கத்தியை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் மெல்வின் ஏணியில் ஏறி நின்று கேரவனின் முன்மூலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மணி பத்தே கால், வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமையும் சேர்த்து நீண்ட விடுமுறை. விட்பிக்கு வடக்கே, கடலோரத்துப் பண்ணையொன்றின் புல்வெளியில் இவர்களுக்கு முதல் ராத்திரிக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருந்தது. ஆறு மணிக்குள் வந்து சேராவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று பண்ணைக்காரி போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். பெட்டிகள் ஏற்றியாகிவிட்டன. கெட்டில்கூட ஏற்றியாகிவிட்டது. கொக்கியை மாட்டி இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இந்த மனிதன் ஏணியில் ஏறியிருக்கிறான்.

சினிமாக்காரர்கள் உட்கார்ந்து முகத்துக்குப் பூசிக்கொள்கிற பெரிய கேரவன் என்று நினைத்துவிட வேண்டாம். இது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வீடு, இரண்டே சக்கரம். எழுபத்து நாலாம் வருடத்தில் இவர்கள் வசிக்கிற இதே ஹல் நகரத்தில் செய்தது. லோர்னா பார்த்தபோது அது ஒரு பண்ணையின் பின்கட்டில் கோழிக்கூண்டாகக் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே போய்ப் பேசி முடித்து வாங்கிவந்துவிட்டாள். முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, லீட்ஸ் பஸ் எப்போது, பிரிட்லிங்டன் பஸ் எப்போது என்று ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவள். சொன்ன ஊர்களில் பாதியை அவள் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படியை நாளுக்கு இருபது தடவை ஏறி இறங்குவாள், எடுத்து வைத்ததையே திரும்ப எடுத்து வைப்பாள்.

மெல்வினோ நாற்பது வருடம் கேரவன் தொழிற்சாலையில் மரச்சட்டம் அடித்தவன். ஒரு நாள்கூடக் கேரவனில் படுத்தது கிடையாது. "நாங்க செஞ்ச லட்சணம் எங்களுக்குத் தெரியும் கண்ணு" என்பான். ஹல் ஆண்கள் ரொட்டிக்கடைக்காரி முதல் போலீஸ்காரி வரை எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அந்தச் சொல்லுக்கு அவள் உருகுவதில்லை.

லோர்னா செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுப் புல்வெளிக்கு வந்தாள்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஈர மீட்டர் இந்த மூலையில இருபத்தெட்டு காட்டுது, மரத்துக்கு அது ஆகாது. ஒரு தடவ பார்த்துட்டா மனசுக்கு நிம்மதி."

"யாரு மனசுக்கு?"

மெல்வின் உளியை மறுபடி தகட்டுக்கு அடியில் கொடுத்தான். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு க்ளைவ் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான். அவனுக்கு இது தினசரிக் காட்சி.

"என்ன மெல்வின், இன்னிக்குக் கெளம்புறதா சொன்னீங்க? சக்கரத்துக்கு அடியில முளைக்கிற புல்லை மூணு வருஷமா நான்தான் வெட்டிக்கிட்டிருக்கேன். முனிசிபாலிட்டியில கதவு நம்பர் வாங்கிடுங்க, தபாலாவது வரும்."

"உன் டீ ஆறுது, போய்க் குடி" என்றாள் லோர்னா. அவன் போகவில்லை.

முதல் வருடம் தரையும் சட்டமும் உளுத்துப்போயிருக்கிறது என்று மெல்வின் எல்லாவற்றையும் உரித்தான். அது நியாயம்தான், விரலால் குத்தினாலே மரம் மாவாக உதிர்ந்தது. அந்த வருடம் லோர்னா கோழி நாற்றமடித்த மெத்தைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய துணிச் சந்தைகளில் மாதக்கணக்கில் அலைந்து, அந்தக் காலத்தில் வந்த மாதிரியே பெரிய ஆரஞ்சுப் பூப்போட்ட துணியைக் கண்டுபிடித்து உறை தைத்தாள். இரண்டாம் வருடம் அவன் ஜன்னல்களைக் கழற்றினான். சட்டம் இரண்டு அங்குலம் மாறிப்போனதால் அவள் எல்லாத் திரைகளையும் பிரித்து மறுபடி தைத்தாள். அலமாரிக் கதவுகளுக்கு வெளிர்மஞ்சள் அடித்தாள். குட்டி அடுப்பைத் தேய்த்துத் தேய்த்துப் புதிதாக்கினாள். கரண்டிகள் ஓட்டத்தில் குலுங்கக் கூடாதென்று இழுப்பறைக்குள் கம்பளித் துணி ஒட்டினாள். நின்ற இடத்தைவிட்டு நகராத வண்டியில் கரண்டி குலுங்காமலிருக்க ஏற்பாடு! அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும், கூடவே கோபமும் வரும். மூன்றாம் வருடம் அவன் சரியாக இருந்த பக்கச் சுவரையும் பிரித்தான். ஏனென்று கேட்டால் மீட்டரைக் காட்டுவான்.

இன்று அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் சின்னப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மெல்வின், இறங்கு."

அவள் குரலில் ஏதோ இருந்தது. அவன் இறங்கினான்.

"மூணு அஞ்சுக்கு ஸ்கார்பரோ பஸ் இருக்கு. எட்டாம் நம்பர் நடைமேடை. அதுக்குள்ள இந்தச் சக்கரம் உருளலைன்னா நான் அதுல ஏறிடுவேன். அங்கிருந்து எங்கே போவேன்னு எனக்கே தெரியாது. திரும்பி வருவேனான்னும் தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்கு அல்ல என்பது அவனுக்கு மட்டுமல்ல, க்ளைவுக்கும் புரிந்தது. அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வீட்டுக்குள் போய்விட்டான்.

லோர்னா பையின் வாரைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சொன்னது உண்மை. இந்த வருடமும் போகாவிட்டால் இனி எப்போதும் போகப்போவதில்லை, இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த வண்டியைப் பார்த்தபடியே கிழவியாகி முடிந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மெல்வின் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு துருப்பிடித்த திருகாணியை எடுத்தான். "இதப் பாரு."

"ஸ்க்ரூ. நம்ம வீட்டுல அதுக்கா பஞ்சம்?"

"தலையைப் பாரு கண்ணு."

திருகாணியின் தலையில் பிறைநிலா மாதிரி ஒரு வடு இருந்தது.

"திருகுன ஸ்க்ரூவுல இப்படி வடு விழாது. இது சுத்தியால அடிச்சது. இந்தச் சுத்தியால." கருவிப் பெட்டியிலிருந்து தன் பழைய சுத்தியலை எடுத்துத் திருப்பிக் காட்டினான். அதன் முகத்தில் ஒரு ஓரம் அதே பிறை வடிவில் உடைந்துபோயிருந்தது. "இந்த வண்டிய அடிச்சவன் நான்தான் லோர்னா. முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவள் திருகாணியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைன்னா எங்க பட்டறையில ஒரு வழக்கம். அன்னிக்குக் கணக்கு பன்னெண்டு வண்டி. முடிச்சா வீட்டுக்குப் போகலாம், மணி என்னவா இருந்தாலும் சரி. காலையிலேர்ந்து ஓட்டமா ஓடுவோம். ஸ்க்ரூவத் திருகிக்கிட்டிருந்தா பொழுது போயிடும். அதனால சுத்தியால ஒரே அடி, கடைசியில கண்துடைப்புக்கு ஒரு திருகு. மூலையில தகடு சேர்ற இடத்துல ஒரு பட்டை வரும், அதுக்கு அடியில பசை வெக்கணும், தண்ணி இறங்காம இருக்க. அதுவும் நாலு விரக்கடை விட்டுட்டு ஓடுவோம். வெள்ளிக்கிழமை செஞ்ச வண்டிய ஹல்லுல யாரும் வாங்க மாட்டான், வெளியூர்க்காரன் தலையிலதான் கட்டுவாங்க. இதுவும் வெள்ளிக்கிழமை வண்டிதான். பிரிக்கிற இடத்துலயெல்லாம் என் அடி. எவனோ புள்ளகுட்டியோட இதுல போய் நனைஞ்சிருப்பான். அவன் ராத்திரியெல்லாம் என்னைத் திட்டியிருப்பான். அதான், ஒண்ணு விடாம எடுத்துட்டுத்தான் கெளம்பணும்னு..."

"அப்படி என்ன அவசரம் உனக்கு? எங்கே போகணும்னு ஓடினே?"

மெல்வின் அவளை விநோதமாகப் பார்த்தான். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீ வேலை பார்த்த மீன்கடைய ரெண்டு மணிக்கு மூடுவாங்க. நீ ஏப்ரனக் கழட்டிட்டு வெளிய வருவே. நான் வாசல்ல நிக்கலைன்னா அந்த மீன் லாரிக்காரன் உன்னை டீ குடிக்கக் கூப்பிட்டுடுவான்."

லோர்னா வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லா வெள்ளிக்கிழமையும் சரியாக இரண்டு மணிக்கு மூச்சிரைக்க, தலையெல்லாம் மரத்தூளோடு ஒருவன் நிற்பான். சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது என்பான். எப்படி முடிந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நினைத்துக்கொண்டிருக்கும்போதே சுறுசுறுவென்று கோபம் வந்தது.

"அன்னிக்கு எனக்காகப் பன்னெண்டு வண்டிய ரெண்டு மணிக்குள்ள முடிச்சே. இன்னிக்கு ஒரு மூலைய மூணு வருஷமா முடிக்காம என்னை ஜன்னல்ல நிக்க வெச்சிருக்கே. எவனோ நனைஞ்சானாம், அவனுக்காக அழறே. நான் காய்ஞ்சு கிடக்கேன், அது தெரியல."

அவள் எழுந்து மெல்வின் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்போ மணி பதினொண்ணு. முடிச்சாக் கெளம்பலாம். இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான். நீ முன்பக்கம், நான் பக்கவாட்டு. பசைய எடு."

"புதுச் சட்டம் அறுக்கணும், வர்ணம் காயணும்..."

"ஓட்டத்துல காயும்."

சட்டத்தை அறுத்தான், பொருத்தினான். தகட்டை மடக்கி மூடி, பசை அப்பி, பட்டையை வைத்தார்கள். மெல்வின் தன் பக்கத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக, நிதானமாகத் திருகினான். லோர்னா தன் பக்கத்தில் ஒரே அடி, இரண்டாம் அடி, கடைசியில் ஒரு திருகு. ஒவ்வொரு அடிக்கும் அவன் பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"அடிக்காத கண்ணு, திருகு!"

"நீ சொல்லிக் கொடுத்ததுதானே!"

க்ளைவ் சத்தம் கேட்டு மறுபடி வெளியே வந்தான். நிலைமையைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே வேலியைத் தாண்டிக் குதித்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கற்களை உருவினான். இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொக்கி விழுந்தது. மெல்வின் கைகழுவ உள்ளே போனான். அந்த நேரத்தில் லோர்னா ஒரு காரியம் செய்தாள். எதற்கென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெவர்லி ஊரைத் தாண்டும்வரை மெல்வின் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினான். அவர்களுக்குப் பின்னால் இருபது கார்கள் நத்தையாக ஊர்ந்தன. ஒருவன் ஹாரன் அடித்தான்.

"ஏதோ ஆடுது" என்றான் மெல்வின்.

"என் கால்தான், இல்லாத பிரேக்கை அழுத்திக்கிட்டிருக்கு" என்றாள் லோர்னா. கரண்டிகள் குலுங்கவில்லை. அவளுக்குப் பாட வேண்டும் போலிருந்தது. ஆனால் கடல் கண்ணில் படும்வரை அவள் நம்பத் தயாராக இல்லை. ஸ்கார்பரோ தாண்டியதும் வலப்பக்கம் கடல் வந்தது, ஹல் வானத்தின் அதே சாம்பல் நிறத்தில். அவள் அழுதாள். அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினான்.

ஐந்தரைக்குப் புல்வெளியில் நிறுத்தி, வண்டியின் நான்கு முட்டுக்கால்களையும் இறக்கி, கெட்டிலைப் போட்டார்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் சடசடவென்று கொட்டிற்று. இருவரும் ஆரஞ்சுப் பூ மெத்தையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தேநீரை ஊற்றும்போது லோர்னா அதைப் பார்த்துவிட்டாள். மூலையில், திரைக்கு மேலே, ஒரு சொட்டு திரண்டு நின்றது. பெருத்தது. அவளுடைய மெத்தையில் சொத்தென்று விழுந்தது.

அவனும் பார்த்துவிட்டான். லோர்னா கெட்டிலைக் கீழே வைத்தாள். போச்சு, இனி வண்டியைத் திருப்பு என்பான். நாளை மத்தியானத்துக்குள் அதே புல், அதே ஏணி. மெல்வின் குனிந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். இன்னொரு இருக்கைக்கு அடியிலும் துழாவினான்.

"கருவிப் பெட்டி எங்கே?"

"க்ளைவ் வீட்டுல."

"முழுசாவா?"

"மீட்டரோட சேர்த்து."

மெல்வின் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான். ஜன்னலுக்கு வெளியே அவன் தலை தெரிந்தது. பட்டையைத் தடவிக்கொண்டே மூலையைச் சுற்றி வந்தான். லோர்னா கோப்பையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. நனைந்த பூனைபோல உள்ளே வந்தவன் முகத்தில் அவள் எதிர்பார்த்த சோகம் இல்லை. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"என் பக்கம் எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடக்கு. இது நான் அடிச்சது இல்ல. நீ அடிச்சது."

"என்ன பண்றது, அவசரம்" என்றாள் லோர்னா. "ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு ஓட வேண்டியிருந்துச்சு."

அவன் அலமாரியிலிருந்து சின்னப் பாத்திரத்தை எடுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்தான். சரியாக நடுவில் விழும்படி இரண்டு தடவை நகர்த்தினான், அவனால் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

முப்பத்தோரு வருடமாக ஊரே அவளிடம் கேட்ட கேள்வி.

"எட்டரைக்கு" என்றாள் லோர்னா. "வடக்கே."