தாங்கிக்கும் கம்பத்துக்கும் இடையில்

நான்காவது தடவையும் அழித்தபோது தாள் கிழிந்துவிட்டது.

சந்திரலீலா றப்பரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மலையைப் பார்த்தாள். ஆறு நாளாக விடாமல் பெய்த மழை அன்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் சற்று ஓய்ந்திருந்தது. நமுனுகுல மலையின் உச்சி மூட்டத்துக்குள் இருந்தாலும் தோட்ட வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவு தெளிவாகத் தெரிந்தது. கீழே தேயிலை, நடுவில் சீமெந்துத் தண்ணீர்த் தாங்கி, அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு மின்கம்பம். கண்ணை மூடிக்கொண்டே வரையக்கூடிய காட்சி. அதுதான் இன்றைக்குச் சரியாக வரவில்லை.

வாரத்தில் ஆறு நாள் கொழுந்து பறிப்பவள் அவள். ஞாயிறு என்றால் உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும். அதற்கும் சமையலுக்கும் நடுவில் ஒரேயொரு மணித்தியாலத்தை அவள் தனக்கென்று பிடித்து வைத்திருந்தாள். நாலு மணிக்குப் பின்வாசல் படியில் வந்து உட்காருவாள். மகள் துவாரகாவின் பழைய சித்திரக் கொப்பியில் மிஞ்சிய தாள்கள், பாதி தீர்ந்த வர்ணப் பெட்டி, ஒரு தூரிகை. ஜனவரியில் சும்மா ஆரம்பித்தது. வேறு இடம் தேடிப் போக நேரமில்லாததால் எல்லாப் படமும் அந்தப் படியிலிருந்து தெரிந்த அதே சரிவுதான். மூலையில் தேதி மட்டும் மாறும்.

உள்ளே கணவன் சுரேஸின் குரல் கேட்டது. "இன்னும் முடியலியா, லீலா? தேத்தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு."

பண்டாரவளையில் ஹாஷிம் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் அவனுக்கு வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கள் விடியப் போய்விடுவான். வாரத்தில் வீட்டில் இருக்கும் ஒரே நாளிலும் மனைவி ஒரு மணித்தியாலம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சண்டை பெரிதாக வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பேச்சு எழாமல் போனதுமில்லை.

அவள் எழவில்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒக்டோபர், ஓகஸ்ட், ஜூன். எல்லாவற்றிலும் மின்கம்பத்தின் உச்சி தாங்கியின் நடுவிலிருந்து முளைத்தது போல நின்றது. கம்பத்தின் அடி எதிலுமே தெரியவில்லை. தாங்கி மறைத்திருந்தது. தலையை நிமிர்த்தினாள். இப்போது கம்பம் தாங்கிக்கு வலப்பக்கத்தில் தனியாக நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வரிசைத் தேயிலை தெரிந்தது.

அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

"என்னாங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

சுரேஸ் வந்தான். அவள் கொப்பியைக் காட்டினாள், பிறகு மலையைக் காட்டினாள். அவன் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நீ தப்பா வரஞ்சிருக்க."

"எல்லா வாரமுமா?"

"ஒருக்கா தப்பா வரஞ்சத அப்படியே பாத்துப் பாத்து வரஞ்சிருப்ப. நீ என்ன படிச்சா வரையிற?"

அவளும் அப்படித்தான் நினைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத கை. சவுக்கு மரத்தை வரைந்தால் துடைப்பம் மாதிரி வருகிறது என்று மகளே கேலி செய்திருக்கிறாள். அந்தக் கையை நம்பி ஒரு மலை நகர்ந்துவிட்டதென்று யாரிடம் சொல்வது? பென்சிலை எடுத்தாள். கம்பத்தைப் பழையபடி தாங்கிக்குப் பின்னால் போட்டுவிட்டால் படம் சரியாகிவிடும். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்துவிடலாம்.

பென்சில் தாளைத் தொடவில்லை.

"இல்லங்க," என்றாள். "பாத்துத்தான் வரஞ்சேன். நான் வேற என்னத்தப் பாக்கிறேன் இந்தப் படியில?"

"அப்போ மலை நடந்து வந்துருச்சா?"

குரல் உயர்ந்ததைக் கேட்டு துவாரகா வாசலுக்கு வந்தாள். பத்து வயது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க போன்ல என் பொறந்தநாள் படம் இருக்குல்ல. இந்தப் படியில நின்னுதானே எடுத்தோம்."

சுரேஸ் வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்துத் தேடினான். மார்ச் மாதம் எடுத்த படம். புதுச் சட்டையில் துவாரகா, அவள் தோளுக்கு மேலே தாங்கி. அவன் இரண்டு விரலால் பெரிதாக்கினான். தாங்கியின் நடுவிலிருந்து கம்பத்தின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. லீலாவின் கொப்பியில் இருந்தது போலவே.

சுரேஸ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுச் செருப்பைக்கூடத் தேடாமல் தேயிலைக்குள் ஏறினான். லீலாவும் பின்னாலேயே போனாள்.

தாங்கிக்கு இருபதடி மேலே அதைக் கண்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் பிளந்திருந்தது. மழையில் சாய்ந்த செடிகள் மூடியிருந்ததால் கீழே இருந்து தெரியாது. சுரேஸ் குனிந்து கையை விட்டான். தோள்வரை போயிற்று. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தாங்கியிலிருந்து லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் குழாய் இரண்டாக முறிந்து கிடந்தது. இரண்டு நாளாகப் பீலியில் தண்ணீர் வரவில்லை. இலை அடைத்திருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்ப இறங்கும்போது தூறல் ஆரம்பித்தது.

லீலா கிராம சேவகர் கனகசுந்தரத்துக்குப் போன் எடுத்தாள். யாழ்ப்பாணத்தார், பதுளையில் இருந்தார். மரங்கள் விழுந்து பாதை மூடிக் கிடந்தது. அவள் படபடவென்று சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாப் படமும் ஒரே இடத்தில இருந்தோ கீறினனீங்கள்?"

"ஆமாங்க ஐயா. பின்வாசல் படிதான்."

"தாங்கி எந்தப் பக்கம் விலகியிருக்கு?"

"கீழங்க. கொஞ்சம் எடப்பக்கமாச் சரிஞ்சு, எங்க பக்கமா."

"அப்ப என்னோட கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ பிள்ளை. ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. இருட்ட முதல் போகவேணும். அதிபருக்கு நான் சொல்லுறன்."

பன்னிரண்டு வீடுகள். சுரேஸ் ஒரு பக்கத்தாலும் லீலா மறுபக்கத்தாலும் கதவைத் தட்டினார்கள். சுரேஸ் வெடிப்பைச் சொன்னதும் சிலர் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து மூட்டை கட்டினார்கள். சிலர் நம்பவில்லை. "சித்திரத்தப் பாத்து ஊர விட்டு ஓடச் சொல்லுறியா?" என்று ஒருவர் கேட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை அபாயம் என்று சொல்லி எழுப்புவார்கள், ஒன்றும் நடக்காது, திரும்பி வரும்போது கோழி இருக்காது என்றார் இன்னொருவர். அவர்களோடு பேசிக்கொண்டிருக்க நேரமிருக்கவில்லை.

கடைசி வீட்டில் ஜெயமலர் இருந்தாள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். கணவன் கொழும்பில். அவள் கட்டிலை விட்டு அசையவில்லை.

"லீலாக்கா, இந்த மழையில பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க வர? சளி புடிச்சா நீங்களா பாப்பீங்க? விடிஞ்சதும் வாறேன்."

"விடியிற வரைக்கும் வேணாம் மலர்."

"நீங்க எப்பவும் எதையாச்சும் வரஞ்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. எனக்கு அதெல்லாம் புரியாது."

மழை வலுத்துக்கொண்டிருந்தது. லீலா கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானைக்குள் வைத்திருந்த கொப்பியை எடுத்து விரித்தாள். ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். முதல் படத்தில் தாங்கி ஒரு பெட்டி மாதிரி இருந்தது. போகப் போக அதன் நிழல் வந்தது, பாசி வந்தது, பக்கத்தில் ஆடு மேய்ந்தது.

"இது ஒங்க ஆடா?" என்றாள் லீலா.

ஜெயமலர் எட்டிப் பார்த்தாள். "வெள்ளச்சி. ஒரு காது மடிஞ்சிருக்கு பாருங்க. அப்படியே வரஞ்சிருக்கீங்க."

"காதையே பாத்து வரஞ்சவ, தாங்கியப் பாக்காமயா வரஞ்சிருப்பேன்?" லீலா அவள் கையைப் பிடித்தாள். "என்னைய நம்பு மலர். எனக்கே இப்பதான் நம்பிக்க வந்துச்சு. சீக்கிரம் எந்திரி."

ஜெயமலர் வெள்ளச்சியின் படத்தை விரலால் தொட்டாள். பிறகு எழுந்தாள். லீலா பிள்ளையை இரண்டு துவாயில் சுற்றி, அதன் மேல் றெயின்கோட்டைப் போர்த்தித் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவர்கள் வெளியேறியதைப் பார்த்த பிறகுதான், நம்பாத மூன்று குடும்பங்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தன.

அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. எதிர்ச் சரிவிலிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் ஐம்பத்தேழு பேர் வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டு ஈரத்தோடு படுத்திருந்தார்கள். காலையில் மழை குறைந்தது. எட்டு மணிக்குச் சிலர் லீலாவைப் பார்த்த பார்வை மாறியது. கோழிக்காரர் சத்தமாகவே சொன்னார். "மலை அங்கேயேதான் இருக்கு. நாமதான் இங்க கெடக்கோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிழை என்றால் நல்லதுதானே என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வீட்டில் கிடக்கிறது என்று சுரேஸ் ஒன்பதரைக்குப் புறப்பட்டான்.

"போகாதீங்க," என்றாள்.

"அஞ்சு நிமிசம். எடுத்துட்டு ஓடி வந்துர்றேன். அது இல்லாம நாளைக்கு ஒரு ஒப்பீசுக்கும் போக ஏலாது."

அவன் போய்க் கால் மணித்தியாலம் இருக்கும். முதலில் மரங்கள் முறியும் சத்தம். அதன்பின் மண்டபத்தின் தரை அதிர்ந்தது. பெரிய லொறி ஒன்று சுவரோடு உரசிக்கொண்டு போவது போல ஒரு இரைச்சல், நிற்காமல். எல்லோரும் வெளியே ஓடினார்கள். எதிர்ச் சரிவு செம்மண்ணாக இருந்தது. தாங்கியும் இல்லை, லயத்தின் மேற்குப் பாதியும் இல்லை.

லீலா கத்தவில்லை. துவாரகாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் படிக்கட்டில் நின்றாள். ஆண்கள் கீழே ஓடினார்கள். போன் எடுத்தாள், மணி போகவேயில்லை. "அம்மா, அப்பா பைய எடுத்திருப்பாரா?" என்று துவாரகா கேட்டாள். அவன் கேட்ட தேத்தண்ணியை நேற்று அவள் கடைசிவரை ஊற்றிக் கொடுக்கவேயில்லை. அது மட்டும்தான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அவன் தொழிற்சாலைப் பாதையால் வந்தான். இடுப்புவரை சேறு, வெறுங்கை. பாலத்தடியில் வெள்ளம் பாய்ந்ததால் சுற்றி நடந்திருக்கிறான். லயம் கண்ணில் பட்டபோது மலை இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் மகளைத் தூக்கினான், மனைவியைப் பார்த்தான், பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

ஆறு வீடுகள் மண்ணுக்குள் போயின. ஜெயமலரின் ஆடும் போயிற்று. ஆள் ஒருவரும் சாகவில்லை.

பாதை திறந்ததும் பொறியியலாளர்கள் வந்து லீலாவின் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். செப்டம்பர் படத்திலேயே கம்பம் தாங்கியின் நடுவிலிருந்து ஒரு தூரிகைக் கனம் விலகத் தொடங்கியிருப்பதை ஒருவர் அளந்து காட்டினார். அவளே அதைக் கவனித்திருக்கவில்லை. கோழிக்காரர் வந்து கொப்பியைக் கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் சுரேஸ் கடைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. புறப்பட முன் மண்டபத்துக்கு வெளியே அவளோடு நின்றான்.

"அன்னைக்கு நீ தப்புன்னு சொன்னேன்," என்றான்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். கம்பத்தப் பழைய எடத்துல போடப் பென்சில எடுத்துட்டேன். போட்டிருந்தா..." அந்த நினைப்புதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. மண்ணின் சத்தம்கூட அவ்வளவு பயமுறுத்தவில்லை.

"போடலியே," என்றான் சுரேஸ்.

அவன் பஸ் ஏறிய பிறகு அவள் உள்ளே வந்தாள். மண்டபத்தில் ஒரே இரைச்சல். ஐம்பத்தாறு பேரின் சமையல், சண்டை, இருமல். இங்கே ஒரு மணித்தியாலம் யார் தருவார்கள்? அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஜெயமலரின் பாய்க்குப் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, தூங்கும் பிள்ளையை வரையத் தொடங்கினாள்.

"லீலாக்கா, அரிசி களையணும்," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"நீங்க களைங்க," என்று ஜெயமலர் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அக்காவுக்கு வேல இருக்கு."